ஜித்ராக்காரரின் டாக்டர்

முதல் இரண்டு சந்திப்புகளிலும் அந்த டாக்டர் தம் கணவரைப் பற்றித்தான் பேசுகிறார் என்று நினைத்திருந்தேன். "அவருக்குக் குளிர் ஒத்துக்கும் அண்ணே, சூடுதான் கொஞ்சம் பார்த்துக்கணும்" என்றார். "நேத்து வச்சதை அவர் சரியாச் சாப்பிடல" என்று கவலைப்பட்டார். என் மனைவி என்னைப் பற்றி வெளியில் இவ்வளவு அக்கறையாகப் பேசுவாளா என்று யோசித்துக்கொண்டே சுங்கைப் பட்டாணிவரை வேன் ஓட்டினேன். மூன்றாம் முறை போனபோது டாக்டர் ஒரு வட்டத் தட்டை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிக் காட்டினார். கடல்பாசிக் கூழ் போன்ற பரப்பில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். "இவர்தான்" என்றார். நான் என்னை அறியாமல் வணக்கம் சொல்லிவிட்டேன்.

நான் ஆய்வுக்கூடங்களின் குளிர்பெட்டிகளைப் பழுது பார்க்கிறவன். மலேசியாவின் கெடா மாநிலத்தில் எங்கே எது உறையாமல் போனாலும் என்னைக் கூப்பிடுவார்கள். படித்ததெல்லாம் கதையும் கவிதையும். சோறு போடுவது கம்ப்ரெசர். மெர்போக் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் முடிகிற இடத்தில் ஒரு கல்லூரி வளாகம் இருந்தது. அங்கேதான் டாக்டரின் ஆய்வுக்கூடம். ஊசி போடுகிற டாக்டர் அல்ல அவர். ஆஸ்பத்திரிக்குள்ளேயே குடியிருந்துகொண்டு, வேறு எதற்காகவோ வந்து படுத்தவர்களின் நுரையீரலில் ஏறிக்கொள்கிற ஒரு கிருமி உண்டு. அநேகமாக எந்த மருந்துக்கும் மசியாது. அதன் புரதங்களை ஆராய்வதுதான் அவர் வேலை.

அவரைப் பற்றி இப்போது எழுத உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் அவருடைய தம்பியின் இடது கால்.

தம்பி செம்பனைப் பழம் ஏற்றும் லோரி ஓட்டியவர். ஒரு மழை நாளில் லோரி கால்வாயில் கவிழ்ந்து, ஐசியுவில் கிடந்து, அங்கே அதே கிருமியைப் பெற்றுக்கொண்டு, எப்படியோ பிழைத்து வீட்டுக்கு வந்தார். ஆனால் காலுக்கு இன்னோர் அறுவை பாக்கி. கிருமி அவர் உடம்பைவிட்டு முழுக்கப் போனால்தான் கத்தி வைப்போம் என்று சொல்லிவிட்டார்கள். அறுவை இல்லாவிட்டால் நடை இல்லை. நடை இல்லாவிட்டால் லோரி இல்லை. அந்த ஆண்டு எங்கள் எல்லாருக்கும் ஒரே கேள்விதான். போயிற்றா, இல்லையா?

ஆனால் டாக்டருக்கும் அந்தக் கிருமிக்கும் இருந்த பழக்கம் அதற்கு ரொம்ப முந்தியது.

குளிர்பெட்டியைத் திறப்பதற்கு முன் டாக்டர் கதவை இரண்டு தட்டுத் தட்டுவார். தட்டிவிட்டுக் கொஞ்சம் நிற்பார். உள்ளேயிருந்து யாரோ சட்டையை மாட்டிக்கொள்ள நேரம் கொடுக்கிற மாதிரி. மனிதர்களிடம் அவ்வளவு மரியாதை கிடையாது. யாருக்கும் கை கொடுக்க மாட்டார். லிப்டின் பொத்தானை முழங்கையால் அமுக்குவார். கையால் எடுத்துக் கடிக்க வேண்டிய கறிபாப்பை முள்கரண்டியால் சாப்பிடுகிற ஒரே தமிழர் என் அனுபவத்தில் அவர்தான். ஒரு தடவை யாரும் இல்லாதபோது நானும் பெட்டிக் கதவைத் தட்டிப் பார்த்தேன். அந்த நொடியில் கம்ப்ரெசர் நின்றது. அது தானாக நிற்கிற நேரம்தான். அப்படி நிற்கும்படி வைத்ததே நான்தான். இருந்தாலும் கீழே போய் ஒரு கோப்பி குடித்துவிட்டு வந்துதான் கதவைத் திறந்தேன்.

பெட்டியின் ரப்பர் விளிம்பை மாற்றிக்கொண்டிருந்த ஒரு நாள் கேட்டேன். "மருந்து ஏன் டாக்டர் இதுங்ககிட்ட வேலை செய்ய மாட்டேங்குது?"

"வீட்டுக்கு வாட்டர் பில்டர் விக்கிறவன் வந்தா என்ன செய்வீங்க?"

"ஆள் இல்லைன்னு உள்ளேயிருந்து சொல்வேன்."

"அவர் அதுக்கும் மேல. மருந்து நுழையுற வாசலையே முதல்ல அடைச்சிடுவார். அப்படியும் நுழைஞ்சதைப் பிடிச்சு வெளியே தள்ளிடுவார். மிச்சம் உள்ள நின்னுச்சுன்னா வெட்டிப் போட்டுடுவார். வாசல், தள்ளுற கை, வெட்டுற கத்தி, எல்லாமே புரதம்தான் அண்ணே. எதை எப்போ எடுக்கிறார்னு பார்க்கிறதுதான் என் வேலை."

"ரொம்ப மோசமான ஆளுலா."

டாக்டரின் முகம் சுருங்கிவிட்டது. "மோசம் எல்லாம் இல்ல. இருக்கிற இடத்துல இருக்கணும்னு நினைக்கிறார். நீங்களும் நானும் நினைக்கிறதில்லையா?"

அவர் பார்ப்பது எப்படியென்றால், கிருமியை மருந்தோடு கொஞ்சமும் மருந்து இல்லாமல் கொஞ்சமும் வளர்ப்பார். பிறகு அதை உடைத்து, உள்ளே இருக்கும் புரதங்களை ஒரு மெல்லிய கூழ்த்தகட்டில் ஓடவிட்டு நீலச்சாயம் ஏற்றுவார். தகட்டில் ஏணிப்படி மாதிரி நீலக் கோடுகள் விழும். அந்தக் கோடுகளை, கல்யாணத்துக்கு நாள் பார்க்கிறவர் பஞ்சாங்கத்தைத் தடவுவதுபோல், விரலை மேலே கீழே நகர்த்திப் படிப்பார். கிருமி வந்த குழாயில் நோயாளியின் பெயர் இருக்காது, இருக்கவும் கூடாது. ஓர் எண், ஓர் ஊர். அதனால் டாக்டருக்கு ஒருவர் தஞ்சோங் டாவாய்க்காரர், இன்னொருவர் ஜித்ராக்காரர்.

"இந்தத் தஞ்சோங் டாவாய்க்காரர் நிறைய நாள் படுத்திருக்கார் அண்ணே" என்றார் ஒரு மதியம். "ஒரு மருந்துக்கு ஒரு மாற்றம். அடுத்த மருந்துக்கு அடுத்த மாற்றம். இவ்வளவு மாறணும்னா நாள் வேணும். அவ்வளவு நாளும் அந்த மனுஷன் உயிரோட இருந்திருக்கணும். யாரோ வரணும்னு காத்திருந்தார்போல."

"அதுவுமா கோட்டுல தெரியுது?"

"கோட்டுல நாள்தான் தெரியுது. அவ்வளவு நாள் ஒருத்தர் சும்மாவா கிடப்பார்?"

அன்று வீட்டுக்குப் போய்க் குளிர்பெட்டியைத் திறந்தால், மேல்தட்டில் மனைவி வாங்கி வைத்த கெம்போங் மீன் ஒன்று என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. இதைப் பிடித்தவருக்கு எந்த ஊரோ என்று ஒரு கணம் தோன்றியது. சட்டென்று மூடிவிட்டேன்.

எல்லாரிலும் அவருக்குப் பிடித்தவர் ஜித்ராக்காரர். மற்ற கிருமிகள் தட்டில் வளர இரவு முழுக்க எடுத்துக்கொள்ளும், இவர் முந்திக்கொள்வார். எந்த மருந்தைக் கொடுத்தாலும் முதலில் கொஞ்சம் யோசிப்பதுபோல் வளராமல் நிற்பார். மறுநாள் காலையில் தட்டு நிறைந்திருக்கும். "யோசிக்கிறார் அண்ணே" என்று டாக்டர் சொல்லும்போது, முதல் வகுப்பில் பிள்ளை பரிசு வாங்கிய தாயின் முகம் அவருக்கு வந்துவிடும்.

ஒரு தடவை அந்தக் குளிர்பெட்டி பட்டப்பகலில் நின்றுபோயிற்று. சுங்கைப் பட்டாணியில் இன்னோர் ஆய்வுக்கூடம் இடம் கொடுக்க ஒப்புக்கொண்டது. குழாய்களை மூன்று உறை போட்டு, உலர்பனி அடைத்த பெட்டியில் வைத்து, முத்திரையிட்டு, என் வேனில் ஏற்றினோம். பெட்டியைப் பின்னால் வைக்கச் சொன்னேன், டாக்டர் கேட்கவில்லை. முன்னிருக்கையில் வைத்து சீட் பெல்ட் மாட்டினார். தாம் பின்னால் போய் என் கருவிகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டார். பீடோங் தாண்டியதும் ரோட்பிளாக். போலீஸ்காரப் பையன் குனிந்து, பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்தான். பெட்டியின் ஓரத்தில் புகை கசிந்துகொண்டிருந்தது.

"இக்கான் கா?" என்றான். மீனா என்று கேட்கிறான்.

"ஆமாம்" என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். கடிதமெல்லாம் கையில் தயாராக இருந்தது, அதையாவது நீட்டியிருக்கலாம். டாக்டர் பின்னாலிருந்து தலையை நீட்டி, "புக்கான். கவான்" என்றார். இல்லை, நண்பர்.

பையன் பெட்டியைப் பார்த்தான், டாக்டரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். போகச் சொல்லிவிட்டான். கண்ணாடியில் பார்த்தேன். எங்கள் வேன் வளைவில் திரும்பும்வரை, சவ ஊர்வலத்துக்கு நிற்பதுபோல், கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

இதற்குச் சில மாதம் கழித்துத்தான் தம்பியின் லோரி கவிழ்ந்தது.

ஐசியுவுக்குள் ஒருவரைத்தான் விட்டார்கள். அங்கி, முகமூடி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு டாக்டர் போனார். வேனில் கூட்டிப்போன நானும் அவருடைய அம்மாவும் கண்ணாடிக்கு வெளியே நின்றோம். தம்பியின் வாயில் குழாய். நெஞ்சு இயந்திரம் சொன்னபடி ஏறி இறங்கியது. கட்டிலோரச் சிறு அலமாரிமேல் ஒரு தகரச் சம்படம் இருந்தது, திருநீறு. அது தம்பியுடையது அல்ல, அந்த வார்டுடையது. எப்போதோ ஒரு தமிழ்க் குடும்பம் வைத்துவிட்டுப் போனது. போகிறவர்கள் அடுத்து வருகிற தமிழ் நோயாளிக்கு விட்டுவிட்டுப் போவார்கள். குறைந்தால் யாராவது கோயிலிலிருந்து கொண்டுவந்து நிரப்புவார்கள். வார்டில் வேலை செய்த அட்டெண்டன் அக்கா ஒருவர் அதைக் கட்டில் விட்டுக் கட்டில் எடுத்து வைப்பார். நல்ல மனம் படைத்தவர்கள் இத்தனை பேர் கைமாற்றிய பொருளை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

அம்மா கண்ணாடியைத் தட்டி நெற்றியைக் காட்டினார். டாக்டர் சம்படத்தைத் திறந்தார். உறை போட்ட விரலை உள்ளே விடப் போனார்.

"கிளவுசோடவா பூசுவ?" என்று அம்மா வெளியேயிருந்து கத்தினார். "தம்பிடி அவன்!"

லிப்டை முழங்கையால் அமுக்குகிற டாக்டர் ஒரு கணம் நின்றார். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு, கையைக் கிருமிநாசினியில் நன்றாகத் தேய்த்துவிட்டு, சம்படத்தின் மூடியை இடக்கையில் பிடித்துக்கொண்டு, தம்பியின் நெற்றியில் பூசினார். மூடியை வைத்துவிட்டு இரண்டு கையாலும் தம்பியின் கன்னத்தைத் தடவினார். வாய்க்குழாயின் கட்டைச் சரிசெய்தார். அவர் ஒருவரைத் தொட்டு நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

சில நாளில் காய்ச்சல் வந்தது. சளியைப் பரிசோதனைக்கு எடுத்தார்கள். முடிவு வருவதற்கு முன்பே, பார்வையாளர் நேரத்தில் என் பக்கத்தில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்த டாக்டர், "வந்துட்டார்" என்றார். தம்பிக்கு மாமன் மச்சான் யாராவது வந்திருப்பார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். நடையில் ஒருவரும் இல்லை.

வார்டு மருத்துவரிடம் முறைப்படி அனுமதி வாங்கி, அந்தக் கிருமியைத் தம் கூடத்துக்குக் கொண்டுவந்து நீலக் கோடுகளை ஓடவிட்டார். தகட்டில் ஜித்ராக்காரரின் ஏணி ஒரு பக்கம், தம்பியிடமிருந்து வந்ததன் ஏணி பக்கத்தில். எனக்கே தெரிந்தது, ஒரே ஏணி. மரபணுச் சோதனைக்கும் அனுப்பினார். அதுவும் பிறகு அதையேதான் சொன்னது. ஜித்ராக்காரரின் குழாய் முதலில் வந்ததும் இதே வார்டிலிருந்துதான், அவர் அதைவிட்டுப் போகவே இல்லை. ஒரு கிளையைப் பெட்டிக்கு அனுப்பிவிட்டு இத்தனை வருடமும் அங்கேயே இருந்திருக்கிறார்.

டாக்டர் வார்டுக்குப் போய்க் கட்டில் கம்பி, அலமாரி, குழாய், சம்படம் எல்லாவற்றையும் பஞ்சுக்குச்சியால் துடைத்து எடுத்து வந்தார். முடிவு தெரிந்த அன்று என்னிடம் சொன்னார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"திருநீறுல இல்ல அண்ணே. மூடில."

பல வருடத்து ஈரவிரலும் சந்தனமும் காய்ந்து அப்பியிருந்த மூடியின் விளிம்பில். காய்ந்து கிடந்தாலும் லேசில் சாகாத கிருமி. சாவதற்குள் யாராவது மறுபடியும் தொட்டுவிடுவார்கள்.

"அப்போ சாமி குத்தம் இல்ல, மூடி குத்தம்" என்றேன். ஆறுதல் சொல்லத் தெரியாதவன் வாயை மூடிக்கொண்டு இருப்பதே நல்லது. டாக்டர் தம் இடக்கையை மேசைமேல் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சம்படத்தைத் தூக்கிப் போடச் சொன்னபோது அட்டெண்டன் அக்கா மறுத்துவிட்டார். "குப்பையில எப்படிலா போடுறது டாக்டர், திருநீறு!" கடைசியில் டாக்டரே வாங்கி வந்து, கிருமி கொல்லும் நீராவிக் கலனில் வேகவைத்து, மெர்போக் ஆற்றில் கரைத்தார். நான்தான் வேன் ஓட்டிக்கொண்டு போனேன். ஆற்றைப் பார்த்துக் கும்பிட்டார். திருநீற்றுக்குத்தான் கும்பிட்டிருப்பார்.

தம்பியின் உயிரைக் காப்பாற்றியதிலும் டாக்டருக்குப் பங்கு உண்டு. ஜித்ராக்காரரை ஒரு மருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் இரண்டு குறிப்பிட்ட மருந்துகள் சேர்ந்து வந்தால், ஒன்றைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது மற்றதற்கு வாசல் திறந்துவிடுகிறது என்று தட்டில் பலமுறை பார்த்திருந்தார். ஐசியு நிபுணர் ஒரு மலாய்க்காரப் பெண். அவரும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாராம். இரண்டையும் கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கிய செய்தி வந்தபோது நாங்கள் கேண்டீனில் இருந்தோம். அம்மா அழுதார். டாக்டர் பாதிக் கறிபாப்பைத் தட்டில் வைத்துவிட்டு, "பாவம்" என்றார்.

யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

ஆனால் ஜித்ராக்காரர் முழுசாகப் போகவில்லை. தம்பிக்கு ஒரு தொந்தரவும் கொடுக்காமல், தொண்டையிலும் தோலிலும் சும்மா உட்கார்ந்திருந்தார். வாரா வாரம் ஆஸ்பத்திரியில் சோதனை. தம்பியின் கால் மடங்காது. என் வேனில்தான் நீட்டிப் படுக்க இடம் இருந்தது. ஆகவே நான்தான் அவரைத் தோளில் தாங்கி ஏற்றி இறக்குவேன். ஆஸ்பத்திரிச் சோதனை போதாதென்று டாக்டரும் வீட்டுக்கு வந்து தனியாகப் பஞ்சுக்குச்சி போடுவார்.

"அண்ணே, உங்ககிட்டதான் சொல்றேன்" என்றார் தம்பி ஒரு நாள், வேனில் படுத்துக்கொண்டு. "அக்கா என்னைப் பார்க்க வரல. அந்த ஆளைப் பார்க்கத்தான் வருது."

"சே, என்ன தம்பி."

"வாயைத் திறன்னு சொல்லி டார்ச் அடிக்குது. அடிச்சிட்டு நல்லா இருக்கீங்களான்னு கேக்குது. என்னை எப்போ அக்கா நீங்கன்னு கூப்பிட்டிருக்கு? நானும் நல்லா இருக்கேன்கான்னு சொல்ல வாயை மூடினா, மூடாதேன்னு திட்டுது!"

சிரித்தேன். தம்பி சிரிக்கவில்லை. "அது போனாத்தான் எனக்குக் கால். அக்கா போகணும்னு நினைக்குதா இல்லையான்னு எனக்குத் தெரியல."

இதை நான் டாக்டரிடம் கேட்டுவிட்டேன். மாற்றிக் கேட்கத்தான் முயன்றேன். வாயிலிருந்து நேராகவே வந்தது. டாக்டர் கோபப்படவில்லை.

"என் கையாலதான் அவன்கிட்ட போனார். போகணும்னுதான் நினைக்கிறேன். ஆனா அவர் சாகிறது வேற, போறது வேற அண்ணே."

அதற்குப் பிறகு ஒரு வாரம் தம்பியின் சோதனை சுத்தமாக வந்தது. அடுத்த வாரமும். அதற்கடுத்ததும். அறுவைக்கு நாள் குறித்துவிட்டார்கள். வீட்டில் அம்மா பாயசம் வைத்தார். தம்பி நீட்டிய காலோடு நாற்காலியில் உட்கார்ந்து, லோரி முதலாளிக்குத் தொலைபேசியில், "நாலு மாசம் பாஸ், அப்புறம் மலையேறிக் காட்டுறேன்" என்று கத்திக்கொண்டிருந்தார். எல்லார் முகத்திலும் வெளிச்சம்.

டாக்டர் மட்டும் கதவோரம் நின்று ஒவ்வொருவராகப் பார்த்தார். வெட்கத்தோடு எங்கோ ஒளிந்துகொண்ட விருந்தாளியைத் தேடுகிற பார்வை. அம்மாவைப் பார்த்தார். அம்மாவுக்குப் பஞ்சுக்குச்சி போன வாரமே ஆயிற்று, ஒன்றுமில்லை. பிறகு பாயசக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த என்னிடம் வந்தார்.

"தம்பியை நீங்கதானே தூக்கினீங்க?"

"ஆமா டாக்டர்."

"கையை நீட்டுங்க அண்ணே."

நீட்டினேன். நீட்டாமல் என்ன செய்வது? விரலிடுக்குகளில், நகக்கண்களில், உள்ளங்கை ரேகையில் பஞ்சுக்குச்சியை மெல்ல உருட்டி எடுத்தார். கூசியது. எனக்கு ஒன்றும் ஆகாது என்றார். ஆரோக்கியமான உடம்பை அவர் ஒன்றும் செய்ய மாட்டார், சும்மா இருந்துவிட்டுப் போவார் என்றார். கல்யாணத்துக்கு வந்து தங்க இடம் கிடைக்காத உறவினருக்கு நம் வீட்டில் ஓர் அறை கேட்கிற தொனியில் சொன்னார்.

தம்பிக்கு அறுவை நடந்தது. இப்போது லேசாகச் சாய்ந்து நடக்கிறார், லோரியும் ஓட்டுகிறார். டாக்டர் பிறகு வேறு நாட்டுக்கு ஆராய்ச்சிக்குப் போய்விட்டார். அதற்கெல்லாம் முன்பே, வேலை எதுவும் இல்லாமல் ஒரே ஒரு முறை என்னைத் தொலைபேசியில் அழைத்தார். கையில் குச்சி உருட்டி இரண்டு நாள் ஆகியிருந்தது. குளிர்பெட்டி பழுதானால் மட்டுமே என்னை அழைப்பவர் அவர். அன்று பெட்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. காலையில்தான் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

"அண்ணே, வீட்டுல வயசானவங்க, படுத்த படுக்கையா யாராவது இருக்காங்களா?"

"இல்லையே டாக்டர். நானும் சம்சாரமும்தான்."

"நல்லது." தட்டு ஒன்றைத் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னார். "சோப்புப் போட்டு நல்லாக் கழுவுங்க. ஆஸ்பத்திரிப் பக்கம் கொஞ்ச நாளைக்குப் போக வேண்டாம். உடம்பைப் பார்த்துக்குங்க. நேரத்துக்குச் சாப்பிடுங்க."

அத்தனை வருடப் பழக்கத்தில் அவர் அவ்வளவு பிரியமாகப் பேசிக் கேட்டதில்லை. என்னிடம்தான் பேசினார் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.